பிஜ்லி பெண்பால், பானி ஆண்பால்

ஏப்ரலில் பள்ளி திறந்த வாரமே மூன்றாம் வகுப்புப் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த வருஷம் பிள்ளைகளிடம் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று ஹால்தார் மிஸ் விலாவாரியாகப் பேசினார். போய்க் கேட்டுவிட்டு வந்தது ஷோபனா. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். வாய்ப்பாடு பதினைந்து வரைக்கும் போகுமாம். வகுத்தல் வருமாம், அழுகையும் கூடவே வருமாம். பிள்ளை தானாகக் கதைப் புத்தகம் எடுத்து வாசிக்குமாம். தனக்கென்று ஒரு கூட்டாளிப் பட்டாளம் சேர்த்துக்கொள்ளுமாம். ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் தொடங்குகிறதாம், வீட்டில் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தால் நல்லதாம்.

அதுவரை ரசத்திலேயே கவனமாக இருந்த ஆவுடையப்பன் இந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"ஹிந்திதான? அத எங்கிட்ட விடு" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. போர்ட் பிளேரில் ஹிந்தியால் சோறு சாப்பிடுகிற தமிழர்கள் பலர் உண்டு. ஹிந்தியை ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசிச் சோறு சாப்பிட்டவர் ஆவுடையப்பன்தான். தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில், ஒரு கையால் வண்டியையும் மறு கையால் மைக்கையும் பிடித்துக்கொண்டு, நாளைக்குக் கரண்ட் கிடையாது, நாளன்றைக்குத் தண்ணீர் கிடையாது, ஜங்லிகாட்டில் புதிதாகப் பாத்திரக் கடை திறக்கிறார்கள் என்று சந்து சந்தாகச் சொல்லிக்கொண்டு போவது அவர் தொழில். கெட்ட செய்தியை இவ்வளவு உற்சாகமாகச் சொல்லக்கூடிய மனிதர் இந்தத் தீவில் வேறு யாரும் இல்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி, ஜங்லிகாட்டில் மாமா முருகையாவின் இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தவர். வந்தபோது ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. மீன் விற்ற வங்காளியிடம் கொஞ்சம், படகு ஓட்டிய தெலுங்கரிடம் கொஞ்சம், டீக்கடை மலையாளியிடம் கொஞ்சம், மூட்டை தூக்கிய ராஞ்சிக்காரர்களிடம் மீதி என்று பொறுக்கிச் சேர்த்தார். இவர்களில் யாருக்கும் ஹிந்தி தாய்மொழி இல்லை. ஆகவே ஒருவர் பேசியது இன்னொருவருக்கு நன்றாகப் புரிந்தது.

மைக் கையில் வந்தது ஒரு பங்குனி உத்திரத்தில். கோயில் கூட்டத்தில் ஒரு தெலுங்குக் குழந்தை காணாமல் போய்விட, விழாக் குழுவில் மைக் பிடித்தவர் அதை அழகான தமிழில் அறிவித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் மைக்கைப் பிடுங்கித் தன் ஹிந்தியில் ஒரு சத்தம் போட்டார். குழந்தை வந்ததோடு, வேறு இரண்டு குழந்தைகளும், யாரும் தேடாத ஒரு தாத்தாவும் வந்து நின்றார்கள். அன்றைக்கே இவர் இரும்புக் கடைக்கு லாயக்கில்லை என்று முருகையா முடிவு கட்டிவிட்டார்.

மகள் ஜெயமணிக்கு அந்த ஆட்டோதான் தொட்டில். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு என்றால் அப்பாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேளுங்கள் கேளுங்கள் என்பதை ஹிந்தியில் "சுனியே, சுனியே" என்று அவர் தொடங்கும்போது தானும் சேர்ந்து சொல்வாள். தெருவில் நிற்பவர்களுக்குக் கையசைப்பாள். ஊரே தன் அப்பா சொன்னதைக் கேட்டுத்தான் குடம் நிரப்புகிறது என்பதில் அந்தப் பிள்ளைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. ஆவுடையப்பனுக்கும் உலகத்தில் வேறு விருது தேவைப்படவில்லை.

மூன்றாம் வகுப்பில் எல்லாம் வரும் என்று சொன்ன ஹால்தார் மிஸ் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பிள்ளை தன் அப்பாவை ஊரார் கண்ணால் திரும்பிப் பார்க்கத் தொடங்குவதும் அந்த வருஷத்தில்தான்.

ஜூலை மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஜெயமணி வந்து நின்றாள்.

"அப்பா, எங்க ஸ்கூல் ரோட்டுல வரும்போது மட்டும் மைக்க ஆஃப் பண்ணிருங்க."

"ஏன் தாயி, பரீட்சையா?"

"இல்ல."

"ஹெட்மாஸ்டர் ஏசுனாரா?"

"இல்ல. சும்மா ஆஃப் பண்ணுங்க."

சும்மா என்றால் சும்மா இல்லை என்பது ஷோபனாவுக்குத் தெரியும். உள்ளே கூட்டிப்போய், தலையைப் பின்னிவிட்டபடியே மெல்ல விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு நாள் காலை ஹால்தார் மிஸ் ஆண்பால் பெண்பால் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ போயிற்று. "கல் சுபஹ் ஷாதிபூர் மே பிஜ்லி நஹீ ரஹேகா" என்றது. நாளைக் காலை ஷாதிபூரில் கரண்ட் இருக்காது என்று அர்த்தம். மிஸ் சாக்கட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "கேட்டீர்களா? இந்த வாக்கியத்தில் என்ன தப்பு?" என்று வகுப்பைக் கேட்டார். பிஜ்லி பெண்பால். பெண்பால் என்றால் ரஹேகி என்று முடியவேண்டும். வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கியது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ஆட்டோ சத்தம் கேட்டாலே காதைத் தீட்டிக்கொண்டு தப்புப் பொறுக்கத் தொடங்கினார்கள். அந்தக் குரல் யாருடையது என்று மிஸ்ஸுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ஜெயமணி சொல்லவில்லை.

ஷோபனா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஆவுடையப்பன் ஆட்டோ துடைத்த துணியை உதறிக் காயப்போட்டார்.

"நீயும் கையத் தூக்குனியா?" என்றார் மகளிடம்.

"தூக்குனேன்."

"ஏன் தாயி?"

"பதில் தெரியும்லப்பா."

இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன கேட்க முடியும்? அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. இத்தனை வருஷமாகக் கரண்ட் போகிறது, இவர் சொல்லித்தான் போகிறது, ஒரு ஆள்கூட அது ஆணா பெண்ணா என்று கேட்டதில்லை. இப்போது தான் பெற்ற பிள்ளை தன் குரலை யாரோ ஒருவன் குரல்போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அவரைக் குடைந்தது.

மறுநாளே மகளின் ஹிந்திப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மகள்தான் வாத்தியார்.

"கதவு ஆண். ஜன்னல் பெண்" என்றாள் ஜெயமணி.

"ரெண்டும் ஒரே ஆசாரி செஞ்ச மரம்தான?"

"அப்படித்தாம்ப்பா. நாற்காலி பெண். மேஜையும் பெண்."

"போலீஸ்?"

"பெண்."

ஆவுடையப்பன் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "இத ஸ்டேஷன்ல போய்ச் சொல்லச் சொல்லு உங்க மிஸ்ஸ. சரி, இது?" என்று தன் மீசையைத் தொட்டுக் காட்டினார். காதுவரை முறுக்கிவிட்ட மீசை. கல்யாணத்துக்கே அதை எடுக்க மறுத்தவர்.

ஜெயமணி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுவும் பெண்தாம்ப்பா."

அடுக்களையில் ஷோபனா சிரிக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

"நம்ம தமிழ்ல உசுரு இல்லாததெல்லாம் அஃறிணை. ஒரே வார்த்தையில சோலிய முடிச்சுட்டான். இவனுக என்னன்னா ஒவ்வொரு சாமானுக்கும் ஜாதகம் பாக்கானுக" என்று ஆவுடையப்பன் அலுத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. மகள் ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தாள். ஆ என்று முடிந்தால் ஆண்பால், ஈ என்று முடிந்தால் அநேகமாகப் பெண்பால். அந்த 'அநேகமாக' அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும்.

அடுத்த வாரம் தண்ணீர் அறிவிப்பு வந்தது. ஆவுடையப்பன் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். பிஜ்லி, ஈ-யில் முடிகிறது, பெண்பால். பானி, அதுவும் ஈ-யில் முடிகிறது. ஆக அதுவும் பெண்பால். இத்தனை காலம் தண்ணீரையும் ஆணாக்கி வைத்திருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

பள்ளிச் சாலையில் மைக்கை அணைக்கச் சொல்லியிருந்தாள் மகள். இன்றைக்கு அணைப்பதா? வேண்டுமென்றே அந்தச் சாலைக்கு வண்டியைத் திருப்பினார். மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு நேரே வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டி, கடைசி எழுத்தை நன்றாக இழுத்து, "கல் பானி நஹீ ஆயேகீ" என்று நாளைக்குத் தண்ணீர் வராததை அறிவித்தார். யாருக்காவது கேட்காமல் போய்விடப்போகிறதே என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவையும் சொன்னார்.

சாலை முனையில் டீக்கடை தம்பையா கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்ன அண்ணாச்சி, ஒடம்பு சரியில்லையா? குரல் என்னமோ மாதிரி கேக்குது."

"இலக்கணம்டே. ஒனக்குப் புரியாது" என்றார் ஆவுடையப்பன், பெருந்தன்மையாக.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஜெயமணி பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் ஆண்பாலாம். யானை, முத்து, நெய், தயிர், தண்ணீர் என்று ஹிந்தியில் ஈ-யில் முடிந்தாலும் ஆண்பாலாகவே இருந்துகொண்டு பிள்ளைகளின் உயிரை எடுக்கும் சொற்கள் சில உண்டாம். மிஸ் மறுவாரம் நடத்தவேண்டியதை அன்றைக்கே நடத்திவிட்டார். ஆட்டோக்காரர் நமக்கு நல்ல உதாரணமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்று வேறு சொன்னாராம். ஒரு பையன் இடைவேளை முழுக்க 'ஆயேகீ, ஆயேகீ' என்று இழுத்துக்கொண்டே ஓடினானாம்.

இத்தனை வருஷமாகத் தவறாமல் சரியாகச் சொல்லிவந்த ஒரே ஒரு சொல்லையும் கஷ்டப்பட்டுப் படித்துக் கெடுத்துக்கொண்டார் மனிதர்.

அதற்குப் பிறகு ஜெயமணி பாடம் நடத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவிலும் ஏறவில்லை. கூப்பிட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். ஆவுடையப்பன் பழைய ஹிந்திக்கே திரும்பிப்போனார், ஆனால் பள்ளிச் சாலை வந்ததும் மைக்கை அணைத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி முகத்தைத் தாழ்த்திக்கொண்டு வண்டியை ஓட்டினார். அந்தச் சாலைக்காரர்கள் கரண்ட் போகிறது தெரியாமல் மாவரைக்கப் போட்டுவிட்டுத் திட்டினார்கள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் பெற்றோர் கூட்டம் வந்தது. ஷோபனா தையற்காரி. துர்கா பூஜைக்கு முன்னால் ஷாதிபூரில் இருக்கிற அத்தனை வங்காளிப் பெண்களின் ஜாக்கெட்டும் அவள் மெஷினுக்குக் கீழேதான் கிடக்கும். தலை நிமிர நேரமில்லை. போகவேண்டியது ஆவுடையப்பன்தான் என்று முடிவானதும் ஜெயமணியின் முகம் வெளிறிவிட்டது. செருப்பு மாட்டும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா. அங்க வந்து நீங்க பேசாதீங்க."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. நீங்க வாயத் தெறந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

அந்தக் குரலை மறைக்க முடியாது என்பது உண்மைதான். காய்கறிக் கடையில் விலை கேட்டால்கூட நாலு பேர் திரும்பி, நாளைக்குத் தண்ணி உண்டா என்று விசாரிப்பார்கள். ஆவுடையப்பன் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டார். "சரி தாயி, பேசல" என்றார். ஊருக்கே சொல்கிறவரிடம் பேசாதே என்று சொல்ல ஷோபனாவுக்கே இத்தனை வருஷத்தில் தைரியம் வந்ததில்லை.

வகுப்பில் பெற்றோரும் பிள்ளைகளுமாகக் கூட்டம். முறை வந்ததும் ஆவுடையப்பன் ஹால்தார் மிஸ் எதிரே போய்க் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். அத்தனை சின்ன நாற்காலியில் அந்த மீசை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

மிஸ் ஹிந்தியில் நலம் விசாரித்தார். ஆவுடையப்பன் தலையாட்டினார். ஜெயமணி வீட்டில் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். தலையாட்டினார். கணக்கில் எது கஷ்டமாக இருக்கிறது, பெருக்கலா வகுத்தலா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினார்.

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் மெல்ல இளகியது. "உங்களால் பேச முடியாதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஆவுடையப்பன் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் அதற்கும் தலையாட்டிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். ஹால்தார் மிஸ் தங்கமான மனுஷி. நடு அந்தமானில் ரங்கத் ஊரில் வயல் வைத்திருந்த குடும்பம், அடுத்தவர் கஷ்டம் பொறுக்காது. பேசமுடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, எழுந்து நின்று சைகையில் ஆரம்பித்தார். பத்து விரலையும் விரித்து மடக்கிக் காட்டினார், அது வாய்ப்பாடு. கையைக் கத்தியாக்கிக் காற்றை வெட்டினார், அது வகுத்தல். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து முகத்தைச் சுளித்தார். அது என்னவென்று கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை. ஆவுடையப்பன் எல்லாவற்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினார். பின்னால் காத்திருந்த ஒரு அம்மா 'பேச்சாரா' என்று உச்சுக்கொட்டினாள். பாவம் என்பதை ஹிந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொருவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மிஸ் ஜெயமணியின் தலையைத் தடவினார். "இவ்வளவு கஷ்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, கண்ணே" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போது ஜன்னலோரம் நின்ற பையன், அன்றைக்கு 'ஆயேகீ' என்று இழுத்துக்கொண்டு ஓடியவன், பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். "இவ அப்பா கூங்கா." ஊமை என்று அர்த்தம். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

ஆவுடையப்பன் இதற்கும் அசையவில்லை. மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாரே. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, மீசையோடு, ஊரில் மிகப் பெரிய குரலை வாய்க்குள் பூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். ஜெயமணி அவரைப் பார்த்தாள்.

"எங்க அப்பா ஊமை இல்ல" என்றாள்.

தமிழில் சொன்னது யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் ஹிந்தியில் சொன்னாள், ஒரு பால் பிசகாமல். "என் அப்பா பேசுவார். நான்தான் பேசவேண்டாம் என்று சொன்னேன். ஆட்டோவில் மைக்கில் பேசுவது என் அப்பாதான்."

மிஸ் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். தான் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சிரித்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். காதுவரை சிவந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆவுடையப்பனிடம்.

ஆவுடையப்பன் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். சின்னக் குரலில்தான் பேச நினைத்தார், ஆனால் அவரிடம் அப்படி ஒரு குரல் இருந்ததே இல்லை.

"கோயி பாத் நஹீ, மேடம். மேரா பேட்டி படாயேகா, ஹம் சீகேகா."

பரவாயில்லை, என் மகள் சொல்லிக்கொடுப்பாள், நான் கற்றுக்கொள்வேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அடுத்த வகுப்பிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மகள் என்ற சொல்லையே ஆணாக்கிவிட்டார் மனிதர், அதுவும் முன்னாலும் பின்னாலும் இரண்டு இடத்தில். சிரிப்பை அடக்கப் பலர் இருமினார்கள். ஜன்னலோரப் பையன் இதைத் தாங்குவானா, உடனே கையைத் தூக்கி, "மேரா இல்லை, மேரி பேட்டி" என்றான்.

ஜெயமணி அவன் பக்கம் திரும்பினாள்.

"என் அப்பாவைத் திருத்த நான் இருக்கிறேன். நீ கையைக் கீழே போடு."

பையன் கையைக் கீழே போட்டான். மூன்றாம் வகுப்பில் இதையும் எதிர்பார்க்கலாம் என்று ஹால்தார் மிஸ்ஸுக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்திலேயே ஜெயமணி அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

"மேரி பேட்டி. சொல்லுங்க."

"மேரி பேட்டி."

"இன்னொரு தடவ."

"மேரி பேட்டி" என்றார் ஆவுடையப்பன், வாய்நிறைய. வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். வகுப்பு வகுப்பாகத் தலைகள் திரும்பிப் பார்த்தன. மெதுவாகச் சொல்லுங்கள் என்று ஜெயமணி ஒரு முறைகூடச் சொல்லவில்லை.